சர்வ் ஆழமா போக மாட்டேங்குது, தோள் வலிதான் மிச்சம்: வழி சொல்லுங்க

உச்சிப்புளி_ஊர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பழைய பேட்மிண்டன் சிமெண்ட் கோர்ட்டில் நெட்டை இறக்கிக் கட்டி பிக்கிள்பால் (துளை போட்ட பிளாஸ்டிக் பந்து ஆட்டம்) டபுள்ஸ் ஆடுறோம். என் சர்வ் கிச்சனை (நெட்டை ஒட்டின 7 அடிப் பகுதி) தாண்டி ஆறேழு அடியில விழுந்துடுது. எதிராளி சாவகாசமா ரிட்டர்ன் அடிச்சுட்டு நெட்டுக்கு வந்து நின்னுக்கறார். பலமா அடிச்சா ஒண்ணு நெட்டில், இல்லேன்னா பேஸ்லைனுக்கு (பின்கோட்டுக்கு) வெளியே. வாலி சர்வ்தான் (பந்து தரையில படாம அடிக்கிறது) போடுறேன். பேடில் (மட்டை) 16 மி.மீ. கோர் (உள் அடுக்கு), எடை 225 கிராம். தோள் முன்பக்கம் பிடிச்சுக்குது. ஆனி, ஆடியில கச்சான் காற்று வேற ஆளைத் தள்ளுது. எதை முதல்ல சரி பண்ணணும்?

தென்கடல்

தம்பி, "பலமா அடிச்சா"ன்னு எழுதியிருக்கீங்களே, சிக்கல் அங்கதான். தோள் முன்பக்கம் பிடிக்குதுன்னா வேலை முழுக்கக் கை செய்யுது, கால் வேடிக்கை பார்க்குது.

பந்து 22 கிராமுக்குக் கொஞ்சம் மேல இருந்து 26 கிராம் சொச்சம் வரைக்கும்தான் எடை. உடம்பெல்லாம் துளை. காற்று அதைச் சட்டுனு பிடிச்சு நிறுத்திடும். கையால தள்ளின பந்து பாதி வழியில சோர்ந்து விழும். அதைச் சரிக்கட்ட இன்னும் இறுக்கிப் பிடிச்சு அடிப்போம், மணிக்கட்டு கட்டையாயிடும், பேடில் தலை வேகம் இன்னும் குறையும்.

வலது கைக்காரருக்குச் சொல்றேன். பேஸ்லைனுக்கு ஒரு அடி பின்னால நில்லுங்க. இடது கால் முன்னால, அதோட விரல் பந்து போக வேண்டிய மூலையைப் பார்க்கட்டும். வலது பாதம் ஏறக்குறைய பேஸ்லைனுக்கு இணையா. தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலா இடைவெளி, முழங்கால் லேசா மடங்கியிருக்கணும். எடையில முக்கால்வாசி பின்காலில். பிடியோட இறுக்கம் பத்துக்கு மூணு, நாலு. அதுக்கு மேல போனா முன்கை நரம்பு புடைக்கும், பார்த்தாலே தெரியும்.

பின்வீச்சுல பேடிலை மட்டும் பின்னால கொண்டுபோகாதீங்க. மார்பையே வலது பக்கம் திருப்புங்க, இடது தோள் நெட்டைப் பார்க்கிற அளவுக்கு. பேடில் தலை கீழே தொங்கி, பின் தொடைக்குப் பின்னால இருக்கட்டும். அங்கிருந்து வரிசை: பின்காலின் முன்பாதம் தரையை அழுத்தும், இடுப்பு திரும்பும், தோள் அதைத் தொடரும், முன்கை கடைசி. வீச்சுவலை எறியிறவர் இடுப்பைப் பாருங்க, இதே வரிசைதான். கை முந்திக்கிட்டா வலை விரியாது.

பந்தைத் தொடுற இடம் முன் தொடைக்கு ஒரு சாண் முன்னால, உடம்புல இருந்து ஒரு கை தள்ளி. பந்து உடம்போட ஒட்டி வந்தா முழங்கை மடங்கும், வீச்சு போய்த் தள்ளலாகிடும். உங்க தோள் பிடிப்புக்கு இதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். பந்தை மேல தூக்கிப் போடாதீங்க. இடது கையை முன்னால நீட்டி விரலைத் திறந்து விட்டா போதும். தூக்கிப் போட விதி தடுக்கலை, ஆனா இந்தக் கரையில காற்று அதை ஒரு சாண் நகர்த்திடும்.

அடிச்ச பிறகு பேடில் இடது தோள் வரைக்கும் போகணும். பாதியில நிறுத்தினீங்கன்னா தொடறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்க ஆரம்பிச்சுட்டீங்கன்னு அர்த்தம். வீச்சு முடிஞ்சப்போ பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கா, தொப்புள் நெட்டைப் பார்க்குதா, ரெண்டையும் பாருங்க. இல்லேன்னா இடுப்பு திரும்பலை.

கீழக்கரை_காக்கா

தென்கடல் சொன்னது எல்லாம் சரி. வரிசையைத்தான் நான் மாத்துவேன். தம்பி பலத்தைக் கூட்டிப் பார்க்கிறார். அவருக்கு வேண்டியது ஆழம். டபுள்ஸில் ரிட்டர்ன் அடிக்கிறவர் 15 அடி ஓடி கிச்சன் கோட்டுக்கு வரணும். பந்து பேஸ்லைனை ஒட்டி விழுந்தா அவர் பின்னால சாய்ஞ்சு அடிச்சுட்டு ஓடணும். நடுவுல விழுந்தா, அது புல்லட் மாதிரி வந்தாலும், அவர் முன்னால நடந்துக்கிட்டே அடிப்பார். அதனால நிதானமான ஆழ சர்வ், வேகமான குட்டை சர்வை எந்த நாளும் ஜெயிக்கும்.

பேட்மிண்டன் கோர்ட்டுன்னு சொன்னதால ஒரு வசதி. டபுள்ஸ் பேட்மிண்டன் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் ஒரே அளவு, 20 அடிக்கு 44 அடி. அதுல பின்கோட்டுக்கு உள்ளே இரண்டரை அடியில ஒரு கோடு இருக்கும், டபுள்ஸ் நீள சர்வ் கோடு. அதுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவுல உள்ள பட்டைதான் உங்க குறி. தனியா சாக்பீஸ் கோடு வேண்டாம். பத்துப் பந்துல ஆறு அந்தப் பட்டையில அல்லது அதுக்கு ஒரு அடி முன்னால விழுற வரைக்கும் வேகத்தைப் பத்தி நினைக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு, பேட்மிண்டன் கம்பம் 5 அடி 1 அங்குலம். கம்பத் தலையில ரெண்டு பக்கமும் நைலான் கயிறு கட்டுங்க. கீழே நெட் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. கயிற்றுக்கும் நெட்டுக்கும் நடுவுல ரெண்டடி ஜன்னல் கிடைக்கும். ஆரம்பத்தில பந்து கயிற்றுக்கு மேல போய் ஆழமா விழட்டும், பரவாயில்லை. வேகம் கூடக்கூட அதே ஆழத்துக்குப் பந்து கயிற்றுக்குக் கீழ வரும். ஸ்பீடோமீட்டர் வாங்க வேண்டியதில்லை, கயிறு சொல்லிடும்.

கணக்கும் சொல்றேன். காற்றுத் தடையை விட்டுட்டுப் பார்த்தா, இடுப்புக்குக் கீழ அடிச்ச பந்தோட உச்சி 8 அடின்னா தரைக்கு வர ஏறக்குறைய 1.3 நொடி. உச்சி 5 அடின்னா 0.95 நொடி. எதிராளிக்கு மூணுல ஒரு பங்கு நொடி குறையுது. வேகம்னு நாம சொல்றது இதைத்தான்.

சுழல்பந்து

காக்கா, ஆழம் முதல் என்பதில் சண்டை இல்லை. ஆனால் கயிற்றுக்குக் கீழே சுழல் இல்லாமல் தட்டையாக அடித்து ஆழத்தைப் பிடிப்பது கஷ்டம். ஒரு விரல் அளவு பேடில் முகம் திறந்தால் வெளியே, மூடினால் நெட்டில். ஊர்க்காரர் சொல்வதும் அதுதானே. டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கி உருளும் சுழல்) இருந்தால் பந்து நெட்டுக்கு மேல் தாராளமாகப் போய்ப் பிறகு குத்தி இறங்கும். தவறு செய்ய இடம் கிடைக்கும்.

எப்படி: பேடில் தலை பந்தைவிட ஓர் அடி கீழிருந்து வர வேண்டும். தொடும்போது முகம் செங்குத்தாக, அல்லது மேல் ஓரம் மிக லேசாக முன்னால் சாய்ந்து. பந்தின் பின்பக்கத்தில் கீழிருந்து மேலாக உரசிப் போக வேண்டும். அடிக்கும்போது 'டக்' என்று தட்டையாகக் கேட்டால் உரசல் இல்லை. சத்தம் கொஞ்சம் மங்கலாக, இழுத்தாற்போல் வந்தால் பிடித்திருக்கிறது. மணிக்கட்டை வேண்டுமென்றே சுண்டாதீர்கள். முன்கை தளர்வாக இருந்தால் இடுப்பு நின்றதும் மணிக்கட்டு தானே ஓடும்.

டாப்ஸ்பின்னைக் கற்க டிராப் சர்வ் நல்ல வழி. 2021-இல் விதியில் சேர்ந்தது. கையிலிருந்து பந்தை விட வேண்டும். கீழே தள்ளவும் கூடாது, மேலே வீசவும் கூடாது. தரையில் பட்டு எழுந்த பிறகு எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். வாலி சர்வுக்கான மூன்று கட்டுப்பாடுகளும் (கை மேல்நோக்கிப் போவது, இடுப்புக்கு மேல் தொடாதது, பேடில் தலை மணிக்கட்டைத் தாண்டாதது) இதற்கு இல்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விட்டாலும் சரி, ஆகவே தோள் உயரத்திலிருந்து விடுங்கள். பந்தின் அங்கீகாரச் சோதனையில் 78 அங்குலத்திலிருந்து விட்டால் 30 முதல் 34 அங்குலம் எழ வேண்டும். அதாவது 40 சதவீதம் சொச்சம். ஐந்தடியிலிருந்து விட்டால் இரண்டடி, முழங்காலுக்குச் சற்று மேல். அங்கே அடிக்க முழங்காலை மடக்கியே ஆக வேண்டும், கால் வேலை தன்னாலே வந்துவிடும். குறையும் அதுவே: தாழ்வான இடத்திலிருந்து தூக்கி அடிப்பதால் உச்ச வேகம் வாலி சர்வைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு மாதம் டிராப் போட்டுச் சுழலைப் பிடித்துவிட்டு வாலிக்கு மாறலாம். மாறாமலே இருந்தாலும் குற்றமில்லை.

பந்தை விரலால் சுழற்றி விடும் பழைய தந்திரம் 2023 விதியிலிருந்து முற்றிலும் தடை. பழைய வீடியோவைப் பார்த்துப் பழக வேண்டாம்.

பாம்பன்_காற்று

காற்றை யாரும் சரியாத் தொடலையே. உச்சிப்புளின்னா வடகடலும் பக்கம், தென்கடலும் பக்கம், மறைப்பு கிடையாது.

கோர்ட் தெற்கு வடக்கா இருக்குன்னு வச்சுக்குங்க, வெயிலுக்காகப் பெரும்பாலும் அப்படித்தான் போடுவாங்க. கச்சான் தென்மேற்கிலிருந்து வருது. நாலு இடத்துக்கும் நாலு கணக்கு.

தெற்கு முனையில, இடது கட்டத்தில் நின்னு அடிக்கிறீங்க: பந்து குறுக்கா, வடகிழக்கா போகுது, காற்று நேரா முதுகுப் பக்கம். வெளியே போற பந்துல பாதி இங்கதான். வீச்சைக் குறைக்காதீங்க, குறைச்சா சுழலும் போயிடும். குறியை மூணடி உள்ளே கொண்டு வாங்க, உரசலைக் கூட்டுங்க.

தெற்கு முனை, வலது கட்டம்: காற்று இடது பின்பக்கம் இருந்து வந்து பந்தை நடுக்கோட்டுப் பக்கம் தள்ளும். ஓரக் கோட்டை ஒட்டிக் குறி வச்சா பந்து தானா உள்ளே வந்துடும். எதிராளி வலது கைக்காரர்னா அவர் பேக்ஹேண்ட் பக்கமா வளையும், இது உங்களுக்கு லாபம்.

வடக்கு முனை, இடது கட்டம்: காற்று நேர் முகத்தில். எவ்வளவு அடிச்சாலும் குட்டையா விழும். இங்க உயரமா தூக்கினா பந்து நின்னு விழும். நெட்டுக்கு மேல ஒன்றரை, ரெண்டடிக்குள்ள, முழு வீச்சு. குறியைப் பேஸ்லைனுக்கு ரெண்டடி வெளியே வைங்க, காற்று திருப்பிக் கொண்டுவரும்.

வடக்கு முனை, வலது கட்டம்: காற்று முன்னால வலது பக்கமிருந்து. பந்து இடது ஓரக் கோட்டைத் தாண்டும், ஆழமும் குறையும். நடுக்கோட்டுப் பக்கமே குறி.

ஐப்பசிக்கு மேல வாடைக் காற்று எடுத்துட்டா இதைத் தலைகீழாப் போட்டுக்குங்க. காற்று எவ்வளவுன்னு பார்க்க, கம்பத்தில் ஒரு துணி நாடா கட்டினா போதும். அப்புறம் 10 நொடி. ஸ்கோர் சொன்ன பிறகு அவ்வளவு நேரம் விதியே தருது. ஒரு வீச்சு அடங்குற வரைக்கும் காத்திருங்க, யாரும் கேட்க முடியாது.

தூக்கி வைக்கிற நெட்னா காலில் மணல் மூட்டை போடுங்க. நெட் பின்னால சாய்ஞ்சா நடு உயரம் 34 இருக்காது, அப்புறம் சர்வைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

உச்சிப்புளி_ஊர்க்காரன்

அருமை. ரெண்டு கேள்வி. பேடிலில் ஈய டேப் ஒட்டினா வேகம் கூடும்னு சொல்றாங்களே? முன்கால் எடுத்து வச்சு அடிக்கும்போது வழுக்குது, என்ன செய்ய?

சுழல்பந்து

கூடும், கொஞ்சம். அரை அங்குல அகல டேப் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறத்தாழ அரை கிராம். கடிகார முகத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடங்களில் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு கிராம் ஒட்டினால் நடுவில் படாத பந்திலும் பேடில் திரும்பாது. 12 மணி இடத்தில் ஒட்டினால் தலை கனத்து, சர்வுக்கு நல்ல உந்தல் வரும். ஆனால் நெட்டருகே கை மந்தமாகிவிடும். ஓரத்தோடு நிறுத்துங்கள், அடிக்கும் முகத்தில் பரப்பாதீர்கள்.

தென்கடல்

நான் ஒத்துக்க மாட்டேன். தோள் பிடிப்போட இருக்கிறவருக்கு 12 மணியில எடை ஏத்தச் சொல்றது தப்பு. 225 கிராம் போதுமான எடை. முதல்ல இடுப்பு, அப்புறம் டேப். 3, 9 மணி வேணும்னா ஒட்டிக்கட்டும். பிடிப்பு ரெண்டு வாரம் சர்வை விட்டும் போகலைன்னா எலும்பு டாக்டரைப் பாருங்க தம்பி.

வழுக்கல்: கோர்ட்டுல மணல். கடற்கரைப் பொடி மணல் கண்ணுக்குத் தெரியாம சிமெண்ட்ல படிஞ்சிருக்கும். பேஸ்லைனுக்குப் பின்னால மூணடியைத் தென்னந்துடைப்பத்தால கூட்டிட்டு ஈரத்துணி போட்டுத் துடைங்க. ஓடுற ஷூ வேண்டாம், பக்கவாட்டுப் பிடிப்பு இருக்கிற கோர்ட் ஷூ. எடுத்து வைக்கிற எட்டு ஓரடி போதும். பெரிய எட்டு வச்சா உடம்பு இறங்கும், பேடில் தலை நிமிரும், பந்து நெட்டுக்கு.

கீழக்கரை_காக்கா

பேடில் முகத்தையும் பாருங்க. கார்பன் முகம்னா உப்புக் காற்றும் பந்தோட பிளாஸ்டிக் துகளும் சேர்ந்து சொரசொரப்பை அடைச்சிடும். கார்பன் முகம் துடைக்கிற ரப்பர் கட்டியால தேய்ச்சு, ஈரத்துணியால துடைச்சு, காய வைங்க. உப்புத்தாள் போட்டுடாதீங்க. அது முகத்தையே மாத்தற வேலை, போட்டியில பேடிலை ஒதுக்கிடுவாங்க.

பந்து: வெயில்ல கார்ல கிடந்த பந்து இளகி முட்டை வடிவாயிடும். வழவழப்பான தரையில உருட்டுங்க, நேரா போகாம தள்ளாடினா அது பயிற்சிக் கூடைக்குக்கூட வேண்டாம். ஒட்டு வரியில முடி அளவு விரிசல் இருந்தாலும் சத்தம் செத்துப் போயிடும், ஆழமும் போயிடும். வெளி ஆட்டத்துக்கு 40 துளைப் பந்து. 26 துளையோட வர்ற உள்ளரங்குப் பந்து இந்தக் காற்றுல நிக்காது.

தொண்டி_டீச்சர்

விதிப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன். வேகம் கூடும்போது முதலில் உடைவது விதிதான்.

வாலி சர்வில் மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும். பந்தைத் தொடும் கணத்தில் கை மேல்நோக்கிச் சென்றுகொண்டிருக்க வேண்டும். தொடும் இடம் இடுப்புக்கு மேல் போகக் கூடாது. பேடில் தலையின் மிக உயர்ந்த பகுதி மணிக்கட்டின் மிக உயர்ந்த பகுதியைத் தாண்டக் கூடாது. வேகத்துக்காகப் பக்கவாட்டில் சுழற்றி அடிப்பவர்களுக்கு மூன்றாவது தவறிவிடும். பக்கத்திலிருந்து கைபேசியில் மெதுவேகப் பதிவு எடுத்துப் பார்த்தால் தெரியும். தவறுகிறது என்றால் டிராப் சர்வுக்கு மாறிவிடுங்கள்.

கால்: தொடும்போது ஒரு பாதமாவது பேஸ்லைனுக்குப் பின்னே தரையில் இருக்க வேண்டும். எந்தப் பாதமும் கோட்டையோ கோர்ட்டையோ தொடக் கூடாது. ஓரக் கோட்டையும் நடுக்கோட்டையும் பின்னால் நீட்டிப் பார்த்தால் வரும் எல்லைக்கு வெளியேயும் போகக் கூடாது. தென்கடல் அண்ணன் ஓரடி பின்னால் நிற்கச் சொன்னது எட்டு வைக்கத்தான். முன்கால் ஓரடிக்கு மேல் போனால் கோட்டை மிதித்துவிடும்.

உங்கள் கோர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. பேட்மிண்டன் குட்டை சர்வ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடி. கிச்சன் 7 அடி. பழைய கோட்டையே வைத்து ஆடினால் அரை அடி தவறு. ஆறரையிலும் ஏழிலும் இரண்டு கோடுகள் இருந்தால் சண்டைதான் வரும். பழையதைச் சிமெண்ட் நிறத்தில் அழித்துவிட்டு, 7 அடியில் இரண்டு அங்குல அகலத்தில் புதிதாகப் போடுங்கள். நடுக்கோடும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிற்கும் இடமும் ஆழத்தை மாற்றும். நடுக்கோட்டருகே நின்று எதிர் மூலைக்கு அடித்தால் தூரம் 45 அடி சொச்சம். ஓரக் கோட்டருகே நின்றால் அதே மூலைக்கு 48 அடிக்கு மேல், பந்து நெட்டின் தாழ்ந்த நடுப்பகுதிக்கு மேலாகவும் கடக்கும். மூன்றடி கூடுதல் இடம் என்பதால் பலமாக அடிக்கலாம்; எதிராளியையும் வெளியே இழுக்கலாம். அடித்த பிறகு உங்கள் பாதி கோர்ட்டின் நடுப்பக்கம் திறந்து கிடக்கும் என்பது அதன் விலை.

தென்கடல்

டீச்சர் சொன்ன கடைசி விஷயத்தோட ஒண்ணு சேர்க்கணும். நல்ல சர்வ் போட்டவங்கதான் இதுல மாட்டுவாங்க. முழு வீச்சு உடம்பை முன்னால இழுக்கும், ரெண்டு எட்டு உள்ளே போயிடுவோம். ஆனா திரும்பி வர்ற பந்து நம்ம பக்கம் ஒரு தடவை குதிக்காம தொடக் கூடாது. ஆழமான ரிட்டர்ன் வந்தா காலடியிலே விழும். பேடில் தோளுக்கு வந்ததும் முன்காலைப் பின்னால எடுத்து பேஸ்லைனுக்கு வெளியே போயிடுங்க. சர்வோட கடைசிப் பகுதியாவே இதைப் பழகுங்க, தனியா நினைச்சா மறந்துடும்.

பயிற்சி இப்படிப் பண்ணுங்க. முதல் 10 பந்து கால் நகராம, இடுப்புத் திருப்பம் மட்டும். அடுத்த 20 பந்து, முன்கால் எட்டு வச்சு, குறி பின்பட்டை. அடுத்த 10 கயிற்றுக்குக் கீழே, எங்க விழுந்தாலும் சரி. கடைசி 10 ரெண்டும் சேர்த்து. தோள் பிடிக்க ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்திடணும், 50-ஐ முடிக்கணும்னு கட்டாயமில்லை.

பாம்பன்_காற்று

எல்லா சர்வையும் ஒரே வேகத்துல போடாதீங்க. நாலு சர்வ் ஆழமா வேகமா, ஐந்தாவது உயரமா மெதுவா அதே ஆழத்துல. வேகத்துக்குக் காத்து நிக்கிறவர் சீக்கிரம் வீசிடுவார். இன்னொண்ணு, மூலைதான் குறின்னு இல்லை. எதிராளியோட பேடில் பக்க இடுப்பைப் பார்த்து அடிங்க, கை மடங்கிடும். முன்கோடு தவிர மூணு பக்கமும் தாராளமா இடம் இருக்கிறதால காற்றுக்கும் அதுதான் பத்திரம்.

உச்சிப்புளி_ஊர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. கோட்டை மாத்திடறோம், கயிறும் கட்டிடறோம். கடைசியா ஒண்ணு: சர்வ் நெட்டில் உரசிட்டு அந்தப் பக்கம் விழுந்தா மறுபடி போடணுமா? எங்க ஆளுங்க போடணும்னு நிக்கிறாங்க.

தொண்டி_டீச்சர்

வேண்டாம். 2021 முதல் அது ஆட்டத்தில் உள்ள பந்து. உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் ஆடியாக வேண்டும். கிச்சனிலோ அதன் கோட்டிலோ விழுந்தால் தவறு. ஓரக் கோடு, நடுக்கோடு, பேஸ்லைன் மூன்றும் உள்ளேதான்.